ஹீபர் நினைவுச் சிற்பம் (சென்னை)

ஹீபர் நினைவுச் சிற்பம், சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் உள்ள சலவைக்கல் சிற்பம். கல்கத்தாவின் ஆங்கிலிக்கப் பேராயராக இருந்து 1826-ல் திருச்சிராப்பள்ளியில் மறைந்த ரெஜினால்ட் ஹீபரின் நினைவாக அமைக்கப்பட்டது. இதைச் செய்தவர் பிரிட்டிஷ் சிற்பி ஃபிரான்சிஸ் சான்ட்ரி. இரண்டு இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு ஹீபர் திடப்படுத்தல் அளிக்கும் காட்சி இதில் செதுக்கப்பட்டுள்ளது. ஹீபரை நேரில் அறிந்தவர்கள் பொது நிதி திரட்டி உருவாக்கிய சமகால நினைவுச்சின்னம் இது. பேராயர் என்னும் பொறுப்பு தமிழகத் திருச்சபைகளில் வேரூன்றிய வரலாற்றையும், அதனுடன் இணைந்த சாதி விவாதத்தையும் அறிந்துகொள்ள இச்சிற்பம் ஒரு தொடக்கப்புள்ளி.

இடம்

புனித ஜார்ஜ் பேராலயம் சென்னை அண்ணா மேம்பாலத்துக்கு அருகே உள்ளது. இதன் பெயராலேயே அருகிலுள்ள சாலை கதீட்ரல் சாலை என அழைக்கப்படுகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளர்களான ஜேம்ஸ் லில்லிமன் கால்டுவெல், தாமஸ் டி ஹாவிலண்ட் ஆகியோர் இதன் கட்டுமானத்துடன் தொடர்புடையவர்கள். கட்டடம் 1815-ல் முடிவடைந்தது. 1816-ல் கல்கத்தாவின் முதல் பேராயர் தாமஸ் மிடில்டன் இதை அர்ப்பணம் செய்தார்.

ஹீபர் இங்கு வந்தபோது இது பேராலயம் அல்ல, ஓர் ஆலயம் மட்டுமே. பேராயரின் இருக்கை அமைந்த ஆலயமே பேராலயம் எனப்படும். 1835-ல் சென்னைக்குத் தனிப் பேராயம் உருவானபோதுதான் புனித ஜார்ஜ் ஆலயம் பேராலயமாக உயர்ந்தது. ஆகவே பேராலயத்தைவிட, ஹீபர் நினைவுச்சின்னம் அமைக்கும் தீர்மானம் காலத்தால் முந்தியது.

ரெஜினால்ட் ஹீபர்

ரெஜினால்ட் ஹீபர் ஏப்ரல் 21, 1783-ல் இங்கிலாந்தின் செஷயர் பகுதியிலுள்ள மால்பாஸில் பிறந்தார். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் படிக்கையில் 'பாலஸ்தீன்' என்னும் கவிதைக்குப் பரிசு பெற்றார். 1807 முதல் ஹாட்னெட் என்னும் ஊரில் போதகராகப் பணியாற்றினார். ஆங்கிலக் கிறிஸ்தவ வழிபாட்டில் இன்றும் பரவலாகப் பாடப்படும் 'ஹோலி, ஹோலி, ஹோலி' உள்ளிட்ட பல பாடல்களை எழுதியவர்.

1819-ல் அவர் எழுதிய மற்றொரு பாடல் இந்தியாவில் விமர்சனத்துக்கு உள்ளானது. அதில் இலங்கையின் இயற்கையழகைப் புகழும் ஹீபர், அங்குள்ள மனிதர்களை இழித்துரைக்கிறார். 1925-ல் கல்கத்தாவில் மிஷனரிகளிடையே பேசிய காந்தி, அவ்வரிகள் தன்னைப் புண்படுத்தியதைக் குறிப்பிட்டார். ஹீபர் அப்பாடலை எழுதியபோது இந்தியாவுக்கோ இலங்கைக்கோ வந்திருக்கவில்லை.

மிடில்டனின் மறைவுக்குப்பின் 1823-ல் ஹீபர் கல்கத்தாவின் இரண்டாவது பேராயரானார். கம்பெனி ஆட்சியிலிருந்த இந்தியப் பகுதிகள் அனைத்தும், இலங்கையும், பின்னர் ஆஸ்திரேலியாவும் அந்த ஒரே பேராயத்துக்குள் அடங்கின. ஹீபர் 1824-ல் கல்கத்தாவிலிருந்து புறப்பட்டு வட இந்தியா வழியாக பம்பாய் சென்றார். அங்கிருந்து இலங்கைக்குச் சென்று 1825-ல் கல்கத்தா திரும்பினார். அவர் எழுதிய பயணக் குறிப்புகளை அவருடைய மறைவுக்குப்பின் மனைவி அமேலியா 1828-ல் நூலாக வெளியிட்டார்.

கிறிஸ்டியன் டேவிட்

ஹீபரின் பணிகளில் தமிழக, ஈழ வரலாற்றுக்கு முக்கியமானது கிறிஸ்டியன் டேவிட் என்னும் தமிழருக்கு அவர் அளித்த குருப்பட்டம். டேவிட், தஞ்சாவூரில் பணியாற்றிய ஜெர்மானிய மிஷனரி ஸ்வார்ட்ஸின் மாணவர். யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் பிரசங்கியாராக இருந்தவர். இந்தியர்களுக்குக் குருப்பட்டம் அளிக்கத் தனக்குச் சட்டப்படி அதிகாரம் இல்லை என மிடில்டன் கருதிவந்தார். அத்தடை நீங்கியபின் 1824-ல் ஹீபர் கல்கத்தாவில் டேவிட்டுக்குக் குருப்பட்டம் அளித்தார். ஆங்கிலிக்கத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியராக டேவிட் கருதப்படுகிறார்.

தமிழகப் பயணம்

1826 ஜனவரி இறுதியில் ஹீபர் கல்கத்தாவிலிருந்து கப்பலில் புறப்பட்டு பிப்ரவரி இறுதியில் சென்னை வந்தார். அப்போது சென்னை ஆளுநராக இருந்தவர் சர் தாமஸ் மன்றோ. சென்னையில் ஏறத்தாழ இரண்டு வாரம் தங்கிய ஹீபர் மார்ச் 13 அன்று தெற்கு நோக்கிப் புறப்பட்டார். மாமல்லபுரம், கடலூர், சிதம்பரம், கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூரை அடைந்தார். திருச்சிராப்பள்ளிக்குப் பின் திருவிதாங்கூர் செல்வது அவர் திட்டம். உடன் சென்றவர் அவருடைய தனிக்குரு தாமஸ் ராபின்சன். பின்னாளில் ராபின்சன், ஹீபரின் கடைசி நாட்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார்.

மார்ச் 26 அன்று உயிர்த்தெழுந்த ஞாயிறு. அந்நாளை ஹீபர் தஞ்சாவூரில் கொண்டாடினார். ஸ்வார்ட்ஸ் காலத்தில் வளர்ந்திருந்த தமிழ்ச் சபையைக் கண்டு பெரிதும் மகிழ்ந்தார். தமிழ் ஆராதனையில் கலந்துகொண்டு ஆசீர்வாதத்தைத் தமிழிலேயே கூறினார். மன்னர் இரண்டாம் சரபோஜியையும் சந்தித்தார்.

மறைவு

ஏப்ரல் 1 அன்று ஹீபர் திருச்சிராப்பள்ளி வந்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை புனித யோவான் ஆலயத்தில் பிரசங்கம் செய்தார். ஏப்ரல் 3 திங்கள் அதிகாலையில், ஸ்வார்ட்ஸ் 1766-ல் கட்டிய கோட்டை ஆலயத்தில் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத் திடப்படுத்தல் ஆராதனை நடத்தினார். முடிவில் தமிழில் ஆசி கூறினார். பின்னர் தங்கியிருந்த பங்களாவுக்குத் திரும்பி, அங்கிருந்த குளியல் தொட்டியில் குளிக்க இறங்கினார். நெடுநேரமாகியும் வெளியே வராததால் பணியாளர் சென்று பார்த்தபோது நீருக்குள் உயிரற்றுக் கிடந்தார். கடும் வெயிலில் களைத்திருந்த உடல் குளிர்ந்த நீரின் அதிர்ச்சியைத் தாங்கவில்லை என்று கருதப்பட்டது. அப்போது அவருக்கு வயது 42.

மறுநாள் அவர் உடல் புனித யோவான் ஆலயத்தில் பலிபீடத்தின் வடபுறம் அடக்கம் செய்யப்பட்டது. இரண்டு நாட்களுக்குமுன் அவர் பிரசங்கம் செய்த அதே ஆலயம் அது. ஹீபர் தமிழகத்தில் இருந்த மொத்தக் காலம் ஐந்து வாரங்களுக்குச் சற்றே அதிகம்.

நினைவுச் சிற்பம் உருவாதல்

ஹீபரின் மறைவுச் செய்தி சென்னையை அடைந்ததும் ஆளுநர் மன்றோவின் தலைமையில் இரங்கல் கூட்டம் நடந்தது. பொதுமக்களிடம் நிதி திரட்டி புனித ஜார்ஜ் ஆலயத்தில் நினைவுச்சின்னம் அமைக்க முடிவு செய்யப்பட்டது. அப்பணி லண்டனில் இருந்த சான்ட்ரியிடம் ஒப்படைக்கப்பட்டது.

கூட்டத்துக்குத் தலைமை வகித்த மன்றோ அடுத்த ஆண்டே, ஜூலை 1827-ல், காலராவால் மறைந்தார். அவருக்கும் பொது நிதியில் நினைவுச்சின்னம் அமைக்க முடிவாகி, அதுவும் சான்ட்ரியிடமே கொடுக்கப்பட்டது. 1839-ல் நிறுவப்பட்டு இன்றும் சென்னை தீவுத்திடல் அருகே நிற்கும் மன்றோவின் குதிரைச் சிலை அதுவே.

சிற்பி

ஃபிரான்சிஸ் சான்ட்ரி (1781–1841) இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகருக்கு அருகே எளிய குடும்பத்தில் பிறந்தவர். மரச்செதுக்குப் பட்டறையில் தொழில் பழகி, தன் காலத்தின் முதன்மையான உருவச்சிற்பியாக உயர்ந்தார். அக்காலச் சிற்பிகள் பலர் தலைவர்களை கிரேக்க, ரோமானிய உடையில் செதுக்கினர். சான்ட்ரி பெரும்பாலும் மனிதர்களை அவர்கள் உண்மையில் அணிந்த உடையிலேயே காட்டினார். இறக்கை முளைத்த தேவதைகள், உருவகப் பாத்திரங்கள் ஆகியவற்றைக் குறைத்து, முகச்சாயலுக்கும் உடல்நிலைக்கும் முதன்மை அளித்தார்.

சான்ட்ரியின் பட்டறையில் ஒரு சிற்பம் பல கட்டங்களில் உருவானது. முதலில் களிமண்ணில் உருவம் வனையப்படும். அதிலிருந்து சுதை வார்ப்பு எடுக்கப்படும். வார்ப்பின் மேடு பள்ளங்களை ஒரு கருவியால் புள்ளி புள்ளியாக அளந்து, அதே அளவில் சலவைக்கல்லில் உதவியாளர்கள் கொத்துவார்கள். முகம் முதலிய நுண்பகுதிகள் கடைசியில் திருத்தி முடிக்கப்படும். முடிந்த சிற்பங்கள் கப்பலில் இந்தியா வந்தன. அன்று சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலில் நங்கூரமிட, சரக்குகள் மசூலா படகுகளில் அலைகளைத் தாண்டிக் கரைக்குக் கொண்டுவரப்பட்டன.

சிற்பக் காட்சியின் பொருள்

சான்ட்ரி ஹீபருக்கு வேறு நினைவுச்சின்னங்களும் செய்தார். லண்டன் புனித பவுல் பேராலயத்திலும் கல்கத்தா புனித பவுல் பேராலயத்திலும் உள்ள சிலைகளில் ஹீபர் தனியாக மண்டியிட்டு வேண்டுகிறார். சென்னைச் சிற்பம் அவற்றிலிருந்து வேறுபட்டது. இதில் ஹீபர் திடப்படுத்தல் அளிக்கிறார். அதைப் பெறுபவர்கள் இந்தியர்கள்.

திடப்படுத்தல் என்பது குழந்தைப் பருவத்தில் ஞானஸ்நானம் பெற்றவர், வளர்ந்தபின் தன் நம்பிக்கையைத் தானே அறிக்கையிட, பேராயர் அவர் தலைமேல் கைவைத்து வேண்டும் சடங்கு. ஆங்கிலிக்க மரபில் இதைப் பேராயர் மட்டுமே செய்யமுடியும். சாதாரணக் குரு செய்ய இயலாது. 1814-ல் மிடில்டன் வரும்வரை இந்தியாவில் ஆங்கிலிக்கப் பேராயர் கிடையாது. தமிழகத்தின் பழைய சீர்திருத்தச் சபைகளை வளர்த்தவர்கள் பெரும்பாலும் ஜெர்மானிய லுத்தரன் மிஷனரிகள். ஆகவே பேராயர் ஒருவர் தங்கள் ஊருக்கு வந்து தங்கள் தலைமேல் கைவைப்பது தஞ்சை, திருச்சித் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு மிக அரிய நிகழ்வு.

ஹீபரின் கடைசிப் பணியும் அதுவே. எனவே, சென்னைச் சிற்பம் பேராயர் பதவிக்குரிய சடங்கைக் காட்டுவதோடு, ஏப்ரல் 3, 1826 காலையில் திருச்சிக் கோட்டை ஆலயத்தில் நடந்ததையும் நினைவூட்டுகிறது.

ஸ்வார்ட்ஸ் நினைவுச்சின்னத்துடன் ஒப்பீடு

தமிழகத்தில் இதற்கு முன்னோடி, தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்கா அருகே உள்ள ஸ்வார்ட்ஸ் ஆலயத்தின் சலவைக்கல் சிற்பம். 1798-ல் மறைந்த ஸ்வார்ட்ஸுக்காக, அவரால் பேணி வளர்க்கப்பட்ட சரபோஜி மன்னர் ஜான் ஃப்ளாக்ஸ்மன் என்னும் சிற்பியைக் கொண்டு அதைச் செய்வித்தார். மரணப்படுக்கையில் இருக்கும் ஸ்வார்ட்ஸை சரபோஜி வந்து காண்பதே காட்சி. ஸ்வார்ட்ஸின் கல்லறைக்கு சரபோஜியே ஆங்கிலத்தில் கவிதையும் எழுதினார்.

இரு சிற்பங்களிலும் ஐரோப்பியத் துறவுள்ளம் கொண்ட ஒருவரும் இந்தியர்களும் ஒரே கல்லில் உள்ளனர். ஆனால் தஞ்சைச் சிற்பத்தில் உள்ள இந்தியர் பெயர் அறிந்த மன்னர். சிற்பத்தைச் செய்வித்தவரும் அவரே. சென்னைச் சிற்பத்தில் உள்ள இந்தியர்கள் பெயரற்றவர்கள். அவர்கள் குறிப்பிட்ட இருவரின் உருவங்கள் அல்ல, இந்தியக் கிறிஸ்தவர்கள் அனைவருக்குமான அடையாளங்கள்.

நடுகல் மரபுடன் ஒப்பீடு

இறந்தவரை அவர் கடைசியாகச் செய்த செயலின் வடிவிலேயே கல்லில் நிறுத்துவது தமிழகத்துக்குப் புதியதல்ல. தொல்காப்பியம் நடுகல் எடுப்பதை காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் எனப் படிநிலைகளாகக் கூறுகிறது. கொங்கு நாட்டில் புலிக்குத்திக் கற்கள் பல உள்ளன. கால்நடைகளைக் காக்கப் புலியுடன் போரிட்டு இறந்தவர், புலியைக் குத்தும் நிலையிலேயே அவற்றில் செதுக்கப்பட்டிருப்பார். இறந்தவரின் உடல் வேறெங்கோ அடங்கியிருக்கலாம், அவருடைய செயல் கல்லில் தொடரும்.

ஹீபரின் உடல் திருச்சியில் உள்ளது, செயல் சென்னையில் கல்லாக உள்ளது. மரபுகள் வேறு. இது உள்ளூர்க் கருங்கல் அல்ல, கடல்கடந்து வந்த சலவைக்கல். வழிபாட்டுக்குரியதும் அல்ல. ஆயினும் நடுகற்களைக் கண்டு பழகியவர்கள் இச்சிற்பத்தை எளிதில் புரிந்துகொள்ள முடியும்.

சாதி விவாதம்

சிற்பத்தில் இரு இந்தியர்கள் ஒரே கையின்கீழ் உள்ளனர். ஹீபர் தமிழகம் வந்த ஆண்டில் திருச்சபைக்குள் அது எளிய காட்சி அல்ல. தஞ்சை, சென்னை வேப்பேரி முதலிய சபைகளில் வேளாளக் கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் ஆலயத்தில் தனித்தனியாக அமர்ந்தனர். திருவிருந்தில் யார் முதலில் பாத்திரத்தைப் பெறுவது என்பதிலும் வேறுபாடு இருந்தது. ஸ்வார்ட்ஸ் தலைமுறையினர் இதைக் காலப்போக்கில் மறையவேண்டிய சமூக வழக்கமாகக் கண்டு பொறுத்துக்கொண்டனர். புதிதாக வந்த மிஷனரிகள் உடனே ஒழிக்கவேண்டும் என்றனர். தஞ்சைக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் புதிய மிஷனரிகளின் நடவடிக்கைகளைக் கடுமையாக எதிர்த்து எழுதினார்.

ஹீபர் தன் தென்னகப் பயணத்தின்போது இதை விசாரித்தார். கிறிஸ்தவர்களிடையே சாதி மத நம்பிக்கையாகக் கடைப்பிடிக்கப்படுகிறதா, ஐரோப்பாவில் உள்ள குலப்பெருமை போன்ற சமூக வழக்கம் மட்டும்தானா என்று மிஷனரிகளிடம் கேட்டு எழுதினார். கிறிஸ்டியன் டேவிட்டிடமும் விளக்கம் பெற்றிருந்தார். அவருடைய போக்கு மென்மையானது. முடிவு எதையும் அறிவிக்கும் முன் இறந்துவிட்டார்.

அவருக்குப்பின் வந்த பேராயர் டேனியல் வில்சன் 1833-ல் சாதி வேறுபாட்டை உடனடியாகவும் முழுமையாகவும் கைவிடவேண்டும் என்று ஆணையிட்டார். அதை ஏற்காமல் வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையைவிட்டு விலகினர். ஹீபரின் மென்மையும் வில்சனின் கண்டிப்பும் பின்னாளில் திருச்சபைக்குள் இரு தரப்பினராலும் எடுத்துக்காட்டப்பட்டன.

ஆகவே இச்சிற்பம் காட்டும் ஒற்றுமை அன்றைய நடைமுறையின் பதிவு என்பதைவிட, நிகழவேண்டியது என்று திருச்சபை கருதிய ஒன்றின் சித்திரிப்பு எனலாம். கல்லில் உள்ள இருவரும் எந்தச் சாதியினர் என்று சிற்பம் சொல்வதில்லை. அன்றைய சபையில் அதுவே முதலில் கேட்கப்பட்ட கேள்வி.

கைவைக்கும் உரிமை

சிற்பத்தில் கைவைப்பவர் ஐரோப்பியர், பெற்றுக்கொள்பவர்கள் இந்தியர்கள். இந்த நிலை மாற நெடுங்காலமாயிற்று. சென்னையின் முதல் பேராயராக 1835-ல் வந்த டேனியல் காரி முதல், ஆங்கிலிக்கப் பேராயர்கள் அனைவரும் ஐரோப்பியர்களே. காரி 1837-ல் மறைந்தார். அவருக்கும் இதே பேராலயத்தில் சிலை உள்ளது. அதைச் செய்தவர் சான்ட்ரியின் உதவியாளராக இருந்த ஹென்றி வீக்ஸ்.

டிசம்பர் 29, 1912-ல் வே.ச. அசரியா தோர்ணக்கல்லின் பேராயராக அருட்பொழிவு பெற்றார். இவரே ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர். தென்தமிழகத்தின் வெள்ளாளன்விளையில் பிறந்த தமிழர். அச்சடங்கு நடந்தது கல்கத்தா புனித பவுல் பேராலயத்தில். ஹீபர் மண்டியிட்ட நிலையில் உள்ள சிலை அங்குதான் இருக்கிறது.

கொங்கு நாட்டில் இம்மாற்றம் வேறு வழியில் நிகழ்ந்தது. கோயம்புத்தூரில் சீர்திருத்தக் கிறிஸ்தவம் லண்டன் மிஷன் வழியாக வந்தது. அச்சங்கத்தின் டபிள்யூ.பி. ஆடிஸ் 1830-ல் கோயம்புத்தூரில் பணியைத் தொடங்கினார். லண்டன் மிஷன் சபைகளில் பேராயர் என்ற பதவியே கிடையாது. சபையாரும் போதகர்களும் சேர்ந்தே முடிவெடுத்தனர். அதே ஆண்டில், கொங்கு நாட்டை ஒட்டிய உதகமண்டலத்தில் கட்டப்பட்ட ஆங்கிலிக்கரின் புனித ஸ்தேவான் ஆலயத்தை கல்கத்தாப் பேராயர் ஜான் டர்னர் அர்ப்பணம் செய்தார். பேராயர் உள்ள மரபும் பேராயர் இல்லாத மரபும் இப்பகுதியில் நூறாண்டுகளுக்கும் மேலாக அருகருகே வளர்ந்தன.

இவ்விரு மரபுகளும் ஹீபர் சிற்பம் உள்ள பேராலயத்தில்தான் இணைந்தன. செப்டம்பர் 27, 1947-ல் ஆங்கிலிக்க, மெதடிஸ்ட் சபைகளும், லண்டன் மிஷன் சபைகளை உள்ளடக்கிய தென்னிந்திய ஐக்கிய சபையும் ஒன்றுசேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானது. அதன் தொடக்க விழா புனித ஜார்ஜ் பேராலயத்தில் நடந்தது. பேராயர் பதவி வேண்டுமா, அதன் அதிகாரம் எவ்வளவு என்பதே இணைப்புப் பேச்சுவார்த்தைகளில் முதன்மைச் சிக்கலாக இருந்தது. பதவி தொடரும், ஆனால் பேராயர் சபையாரின் பிரதிநிதிகளுடன் சேர்ந்து செயல்படவேண்டும் என்று முடிவாயிற்று.

1950-ல் கோயம்புத்தூரின் பேராயராக ஏ.ஜே. அப்பாசாமி பொறுப்பேற்றார். பாளையங்கோட்டையில் பிறந்த இவர், கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கிய இறையியலாளர். யோவான் நற்செய்தியைத் தமிழ் பக்தி மரபின் துணையுடன் வாசித்தவர். ஹீபர் தமிழில் ஓர் ஆசியைக் கற்றுச் சொன்ன நாளிலிருந்து 124 ஆண்டுகளுக்குப் பின், பேராயரே இல்லாதிருந்த கொங்கு நாட்டுச் சபைகளில் தமிழர் ஒருவர் கைவைத்துத் தமிழில் ஆசி கூறினார்.

பிற நினைவிடங்கள்

திருச்சிராப்பள்ளி புனித யோவான் ஆலயத்தில் ஹீபரின் கல்லறை உள்ளது. அவர் இறந்த குளியல் தொட்டி இருந்த இடத்தில் நினைவுக்கல் அமைக்கப்பட்டுள்ளது. அவர் பெயரில் திருச்சியில் பள்ளிகளும், புத்தூரில் பிஷப் ஹீபர் கல்லூரியும் செயல்படுகின்றன. தமிழகத்தில் ஹீபரின் பெயர் இன்று பரவலாக அறியப்படுவது இக்கல்வி நிறுவனங்கள் வழியாகவே.

மதிப்பீடு

ஹீபர் நினைவுச் சிற்பம் காலனிய ஆட்சியாளர்கள் தங்கள் திருச்சபைத் தலைவரை எப்படி நினைவுகூர விரும்பினர் என்பதற்குச் சான்று. கொடுப்பவர் ஐரோப்பியர், பெறுபவர் இந்தியர் என்னும் அக்காலப் பார்வை இதில் வெளிப்படையாக உள்ளது. அதேசமயம், ஹீபரின் அறிவையோ அதிகாரத்தையோ காட்டாமல், தமிழர்களிடையே அவர் செய்த கடைசிப் பணியைக் காட்டத் தேர்ந்தெடுத்ததில் உண்மையான மதிப்பும் உள்ளது. சிற்பத்தில் பெயரின்றி நின்றுவிட்ட இந்தியர்களின் வழித்தோன்றல்கள், அதே பேராலயத்தில் பேராயர்களாகப் பொறுப்பேற்றது இச்சிற்பத்தின் வரலாற்றைப் பின்னாளில் நிறைவு செய்தது.